வெளித்தீர்ப்பின் முன் கொங்குக் கல்லூரி

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் கோவை அவிநாசி சாலையில் கல்லூரிகளின் விளம்பரத் தட்டிகள் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கின்றன. ஓர் ஓரத்தில் அதிகபட்ச ஆண்டுச் சம்பளம், இன்னோர் ஓரத்தில் கோப்பையோடு நிற்கும் அணி, கீழே கிராம முகாமில் மரக்கன்று நடும் மாணவர்கள். படிப்பும் விளையாட்டும் சமூகமும் சேர்ந்து ஒருவரை வாழ்க்கைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்துகின்றன என்பதே அந்த வாக்கியம். விளம்பரத்தில் வருவதாலேயே ஒரு கூற்று பொய்யாகிவிடாது. பெற்றோர் நிலத்தை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் ஒரு வட்டாரத்தில் இது கனமான கூற்று. அந்தக் கனத்துக்கு ஏற்றபடி அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கல்லூரி அறிவை வளர்க்கும் இடமா, வேலைக்கு ஆள் தரும் இடமா என்ற பழைய விவாதத்தை இங்கே மறுபடி திறக்கத் தேவையில்லை. ஒரு நிறுவனம் தானே முன்வைக்கும் இலக்கைக் கொண்டு அதை அளப்பதே நேர்மையான திறனாய்வு. அந்த இலக்கை அளப்பதற்குக் கொங்கு நாட்டைவிடப் பொருத்தமான களம் தமிழகத்தில் இல்லை. 1932-இல் பைகாரா மின்சாரம் வந்தபின் பெருகிய பஞ்சாலைகளும், அவற்றைச் சுற்றி முளைத்த ஃபவுண்டரிகளும், மோட்டார் பம்பு தொழிலும், இங்குள்ள கல்லூரிகளும் பெரும்பாலும் ஒரே கைகளிலிருந்து பிறந்தவை. தொழிலும் கல்வியும் ஒரே தெருவில் வளர்ந்த ஊரிலேயே இந்தக் கூற்று தேறவில்லை என்றால் வேறெங்கும் தேறாது.

சான்று என்று பொதுவாகக் காட்டப்படும் இரண்டை முதலிலேயே விலக்கிவிடலாம். ஒன்று, புகழ்பெற்ற முன்னாள் மாணவர் பட்டியல். எச்.சி.எல். நிறுவனர் சிவ நாடார் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி.யிலும் படித்து, 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்து, சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநரானார். இவை பெருமைக்குரியவை, ஆனால் கல்லூரியின் முறைக்குச் சான்றாகா. திறமையானவரைத் தேர்ந்து சேர்த்துக்கொண்ட கல்லூரி, அவருடைய திறமை முழுவதையும் தன் விளைச்சலாகக் கணக்குக் காட்ட முடியாது. பள்ளிப் படிப்பையே முடிக்காத கோவைக்காரர் அருணாசலம் முருகானந்தம் மலிவான சானிட்டரி நாப்கின் இயந்திரத்தை வடிவமைத்து 2016-இல் பத்மஸ்ரீ பெற்றிருக்கிறார். தனிமனித உயர்வைக் கல்லூரியின் கணக்கில் எழுதிவிடலாம் என்பதற்கு அவரே எதிர்ச்சான்று. விலக்க வேண்டிய இரண்டாவது, அதிகபட்சச் சம்பளம். ஒரே ஒரு மாணவரின் ஊதியம் ஆயிரம் மாணவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். இடைநிலைச் சம்பளத்தைக் கேட்கிறது என்பது அதன் முறையியலில் உள்ள நல்ல அம்சம். விளம்பரத் தட்டியில் அந்த எண்ணுக்கு இடம் கிடைப்பதில்லை.

பிறகு எதைக் கொண்டு அளப்பது? வேலை என்பது, நமக்கு மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாத ஒருவர் முன் நம் உழைப்பை வைத்து அவர் தீர்ப்பை ஏற்பது. வாங்கிப்போனவர் தோட்டத்தில் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை என்றால் அங்கே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. அத்தகைய தீர்ப்பை மாணவர் படிக்கும் காலத்திலேயே எத்தனை முறை, எவ்வளவு ஆழமாகச் சந்தித்தார் என்பதே தொழில் ஆயத்தத்தின் அளவு. இதை வெளித்தீர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முறை, இயைபு, பேறு ஆகிய மூன்றையும் இந்த அளவுகோலின் கீழ்ப் பார்க்கலாம். மாணவர் எதைச் செய்து கற்கிறார்? படிப்பும் விளையாட்டும் சமூகமும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றனவா? அதன் பயன் எத்தனை பேரை எட்டுகிறது?

முறை பற்றிய விவாதம் கோவையில் 1945-லேயே கூர்மையாக எழுந்தது. அந்த ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாயிருந்த தொழிலதிபர் ஜி.டி. நாயுடு, பொறியியலைக் கற்பிக்க நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டே போதும் என்றார். அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார். அந்தக் கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. நாயுடுவின் வாதத்தில் பாதி சரி, பாதி பிழை. ஆண்டுகளின் நீளம் கல்வியின் ஆழமாகாது என்பதில் அவர் சரி. ஆனால் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவருக்கும் அதை வடிவமைப்பவருக்கும் இடையே கணிதம் இருக்கிறது, பொருளியல்பு பற்றிய கோட்பாடு இருக்கிறது. அவற்றை அவசரப்படுத்த முடியாது. தானே கற்று உயர்ந்த மேதை தன் வேகத்தை எல்லோருக்கும் விதியாக்கினார் என்பதே அவர் வாதத்தின் குறை. நான்கு ஆண்டுகளை வென்றெடுத்த கல்வித்துறை, அந்த ஆண்டுகளை எதனால் நிரப்புவது என்ற அவருடைய உட்கேள்விக்கு விடை சொல்லவில்லை. அது எதிர்த்தரப்பின் குறை.

அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை பீளமேட்டில் உருவானது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகிர்ந்து, ஐந்தாம் பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். அதிலிருந்து தொழிற்கூடமும், 1939-இல் பாலிடெக்னிக்கும், 1951-இல் ஜி.ஆர். தாமோதரன் முதல்வராக இருக்க பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் வளர்ந்தன. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இங்கே பட்டறைதான் முதலில் வந்தது. வகுப்பறை அதற்குப் பின்னால் வந்தது. மோட்டாரும் பம்பும் செய்து சந்தைக்கு அனுப்பும் கூடத்தின் பக்கத்தில் கல்லூரி எழுந்ததால், கற்பதற்கும் விற்பதற்கும் இடையே இருந்த தூரம் ஒரு மதில் சுவரின் அகலமே. சாண்ட்விச் எனப்படும் இடைச்செருகல் பட்டப்படிப்பு அந்தச் சூழலின் இயல்பான வளர்ச்சி. பிரிட்டனில் முன்பே இருந்த இந்த முறையில் நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்தாகும்; வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும். கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி எனும் சி.ஐ.டி. வளாகத்தில் 1961-இல் தொடங்கிய பாலிடெக்னிக் அந்தச் சொல்லைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அங்கே மூன்றரை ஆண்டு டிப்ளமோவில் இரண்டு அரையாண்டுகள் தொழிற்சாலைக்கு உரியவை.

இதன் நிறை வெளிப்படை. வார்ப்படத்தில் விழுந்த துளையைப் பாடநூலில் படமாகப் பார்த்தவர், அதே துளை எழுபது உருப்படியைக் கழிவுக் குவியலுக்கு அனுப்புவதைக் கண்ணால் பார்க்கிறார். மேஸ்திரி பேராசிரியரைப் போல விளக்கமாட்டார். ஆனால் ‘தேறாது’ என்று அவர் சொன்னால் அது தேறாது. குறைகளும் உண்டு. கூடுதல் ஓராண்டு என்பது வசதியில்லாத வீட்டுக்கு ஓராண்டுச் சம்பள இழப்பு. கண்காணிப்பு தளர்ந்த இடத்தில் பயிற்சி மாணவர் மலிவான கையாளாகிவிடுவார். ஒரே ஆலையின் பழக்கவழக்கங்களையே தொழிலின் இலக்கணமாக எண்ணிவிடும் ஆபத்தும் இருக்கிறது. இவ்வளவையும் கழித்த பிறகும், முறை என்ற அளவில் கொங்குக் கல்வி தொட்ட உயரம் இதுவே என்பது என் மதிப்பீடு. இதற்கு இணையாக நிற்கக்கூடியது, வேலையில் இருக்கும் டிப்ளமோகாரர்களுக்காக பி.எஸ்.ஜி.யும் சி.ஐ.டி.யும் அரசினர் கல்லூரியும் நடத்திய மாலைநேர பி.இ. அதில் பகலில் ஆலையில் தோன்றிய கேள்வி மாலையில் வகுப்புக்கு வரும். மாணவரின் களைப்பும் ஆய்வகத்தின் நேர நெருக்கடியும் அதன் குறைகள். ஆனால் கேள்வியோடு வரும் மாணவருக்கு ஈடாக எந்தப் பாடத்திட்டமும் எதையும் தந்துவிட முடியாது.

1984-இல் தமிழகம் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அதே ஆண்டில் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் கோவையில் குமரகுரு கல்லூரியும் எழுந்தன. 1996-இல் சத்தியமங்கலத்தில் பண்ணாரி அம்மன், 1998-இல் பொள்ளாச்சியில் டாக்டர் மகாலிங்கம் கல்லூரி என்று வரிசை நீண்டது. இந்த விரிவை இகழ்ந்து பேசுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. காங்கேயத்திலும் கோபியிலும் தறிக்குழியிலும் மஞ்சள் காட்டிலும் உழைத்த வீடுகளிலிருந்து முதல் பட்டதாரி வந்தது இந்தக் கல்லூரிகளின் பேருந்துகளில்தான். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழகத்துக்கு 47 சதவீதம். அந்த இடைவெளியில் கொங்கு நாட்டின் சுயநிதிக் கல்லூரிகளுக்குப் பங்கு உண்டு. பேறு என்ற அளவுகோலில் இது பெரும் சாதனை.

முறை என்ற அளவுகோலில் இதே காலம் பெரும் சரிவு. கல்லூரிகள் பெருகிய வேகத்துக்குப் பட்டறைகள் பெருகவில்லை. எனவே வெளித்தீர்ப்பின் இடத்தை வினாத்தாள் எடுத்துக்கொண்டது. இரண்டு மதிப்பெண் கேள்வி, பதின்மூன்று மதிப்பெண் கேள்வி, முந்தைய ஆண்டுகளின் வினா வங்கி என்ற முக்கோணத்துக்குள் ஒரு செமஸ்டரை முடித்துவிடலாம். ஐ.வி. என்று மாணவர்கள் அழைக்கும் தொழிற்சாலைப் பார்வை அரைநாளில் முடிந்து, மீதி நாள் மலைவாசஸ்தலத்துக்குப் போகிறது. இறுதியாண்டு புராஜெக்ட் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. இன்டர்ன்ஷிப் பல இடங்களில் கையெழுத்திட்ட தாளாகச் சுருங்கிவிட்டது. மாணவரின் சோம்பலைக் குறை சொல்வதில் பொருளில்லை. உழைத்துச் செய்த புராஜெக்டையும் வாங்கி வந்த புராஜெக்டையும் ஒரே மதிப்பெண்ணால் ஏற்கும் மதிப்பீட்டு முறைதான் இதற்குப் பொறுப்பு.

அந்த வெற்றிடத்தில் வளர்ந்தது பிளேஸ்மென்ட் பிரிவு. அதன் நிறையை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த கிராமத்து மாணவர் நேர்காணல் மேசையின் முன் தலை நிமிர்ந்து பேசப் பழகுவது அங்கேதான். 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும், சிறு கல்லூரிகளுக்கு எட்டாத தொழில்துறைப் பாடங்களை அரசின் செலவில் கொண்டுவந்து சேர்த்தது. குறை இன்னும் அடிப்படையானது. பிளேஸ்மென்ட் பயிற்சி வேலையின் நுழைவாயிலுக்கு ஆயத்தப்படுத்துகிறது, வேலைக்கு ஆயத்தப்படுத்துவதில்லை. எண்கணிதப் புதிரும் குழு விவாதமும் கடந்து உள்ளே போனவரை நிறுவனம் மறுபடி மாதக்கணக்கில் பயிற்றுகிறது. இயந்திரவியல் படித்தவர் மென்பொருளுக்குப் போக, கோவையின் கணபதியிலும் சிட்கோ தொழிற்பேட்டையிலும் உள்ள சிறு பட்டறைகள் வரைபடம் வாசிக்கத் தெரிந்த பொறியாளருக்குக் காத்திருக்கின்றன. பட்டறைகளும் தொடக்கச் சம்பளத்தைத் தாராளமாகத் தருவதில்லை என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் நான்கு ஆண்டு இயந்திரவியல் கல்வி, தன் வாசலில் இருக்கும் தொழிலின் மேல் ஓர் ஈர்ப்பைக்கூட உண்டாக்கவில்லை என்றால் முறையில் எங்கோ பழுது இருக்கிறது.

இனி மைதானம். விளையாட்டு உடலுக்கு நல்லது, குழுவுணர்வைத் தரும் என்பன தேய்ந்த வாக்கியங்கள். திறனாய்வுக்கு வேண்டியது அதன் கல்வித் தன்மை. கல்லூரி வாழ்வில் மாணவர் எதிர்கொள்ளும் தீர்ப்புகளிலேயே மிக நேர்மையானது ஆடுகளத்தின் தீர்ப்பு. அது உடனே வருகிறது, எல்லோர் முன்னிலையிலும் வருகிறது, கருணை காட்டுவதில்லை. கோவையில் இந்தக் கண்டிப்பைக் கற்பித்த விளையாட்டு கூடைப்பந்து. பி.எஸ்.ஜி. கோப்பை, ஆண்களுக்கான நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை ஆகிய அகில இந்தியப் போட்டிகளுக்கு ரயில்வே, வங்கி, ராணுவ அணிகள் வந்து ஆடும்போது, உள்ளூர் மாணவர் தம்மைவிட மேலான ஆட்டத்தைக் கைதொடும் தொலைவில் பார்க்கிறார். தரம் என்றால் என்ன என்பதை ஒரு தலைமுறைக்குக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு பம்பு நிறுவனம் பெண்கள் கூடைப்பந்துக்குப் பெயர் கொடுத்து நிற்பதும் கொங்குத் தொழில்முனைவின் நல்ல முகம்.

மைதானம் நேரடியாகவும் வேலை தருகிறது. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவை ஆட்டக்காரர்களைப் பணியில் சேர்த்து அணி வைத்திருக்கின்றன. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் அவர்களுக்கு உண்டு. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்து, பி.டி. உஷாவின் 1984-ஆம் ஆண்டுத் தேசியச் சாதனையைச் சமன் செய்த வித்யா ராம்ராஜ் கோவைப் பெண். எளிய குடும்பத்திலிருந்து வந்த அவருக்கு ரயில்வே வேலை கிடைத்தது ஓட்டத்தால்.

இங்கே இரண்டு குறைகளை மறைக்க முடியாது. முதலாவது, இந்தக் கண்டிப்பான கல்வி எட்டுவது மிகச் சிலரையே. பிளஸ் டூ முடிந்த தேர்ந்த ஆட்டக்காரரைக் கட்டணமின்றிச் சேர்த்து, விடுதியும் உணவும் கொடுத்து, மூன்று ஆண்டுக் கோப்பைகளை வாங்கிக்கொள்வது கல்லூரிகளின் வழக்கம். ஆட்டக்காரருக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் அதே வளாகத்தில் உள்ள மற்ற ஆயிரக்கணக்கானோர் பார்வையாளர் வரிசையோடு நின்றுவிடுகிறார்கள்; துறைகளுக்கு இடையேயான போட்டி ஆண்டுவிழாவுக்கு முந்தைய வாரத்தின் சடங்காகிறது. இரண்டாவது, வகுப்பறைக்கும் மைதானத்துக்கும் இடையே உரையாடல் இல்லை. ஆட்டக்காரருக்கு வகுப்பறை தருவது ஓ.டி. எனப்படும் வருகைச் சலுகை மட்டுமே. அணித்தலைவர் ஒரு பருவம் முழுக்கக் கற்ற திட்டமிடல், ஆள் தேர்வு, தோல்வியை ஆராயும் பழக்கம் எதுவும் பாடமாக எண்ணப்படுவதில்லை. அவர் தலையில் சேர்வது அரியர் தாள்கள். முழங்கால் ஒருமுறை பிசகிவிட்டால் அவரிடம் ஆட்டமும் இல்லை, பாடமும் இல்லை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தின் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி இதற்கு விதிவிலக்கு. விளையாட்டையே அறிவுத்துறையாகக் கொண்டதால் அங்கே உடலும் பாடமும் பிரியவில்லை. உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் குறைவு என்பது அதன் எல்லை. முறையின் குறை அன்று.

படிப்பும் போட்டியும் உண்மையாக இணையும் இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செட்டிபாளையத்தில் 2003-இல் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே, பந்தயக் கார் வடிவமைப்பில் கோவைக்கு இடம் வாங்கித் தந்த கரிவரதனின் பெயரைத் தாங்கியது. அங்கே நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் மாணவர் அணிகள் தாங்களே கட்டிய காரைக் கொண்டுவருகின்றன. ஓடுவதற்கு முன்பே சோதனை தொடங்குகிறது. வடிவமைப்பை நடுவர் முன் நியாயப்படுத்த வேண்டும், செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும், வணிகத் திட்டத்தை விளக்க வேண்டும், பாதுகாப்பு ஆய்வில் தேற வேண்டும். அதன் பிறகே ஓட்டம். நீண்ட ஓட்டத்தில் வண்டி நின்றுவிட்டால் ஓராண்டு உழைப்பு அங்கேயே நிற்கும். வெல்டிங் தெரிந்தவரும் கணக்குத் தெரிந்தவரும் பேசத் தெரிந்தவரும் ஒருவரையொருவர் சார்ந்தே நிற்கும் இந்த ஏற்பாட்டில் முறையும் இயைபும் நிறைவாக இருக்கின்றன. பேறு குறைவு. செலவு அதிகம், ஓர் அணியில் இடம்பெறுவோர் சிலரே. மற்றவர்கள் அந்தக் காரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது கூறான சமூகத்தை இரண்டாகப் பிரித்தே மதிப்பிட வேண்டும். கல்லூரியைத் தாங்கும் சமூகம் ஒன்று. கல்லூரி பணிசெய்யும் சமூகம் மற்றொன்று.

தாங்கும் சமூகத்தின் கொடை உணர்வு கொங்கு நாட்டின் பெருமை. ஐந்தாம் பங்கை ஒதுக்கிய குடும்பம், ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நிறுவிய அறக்கட்டளைகள், கொங்கு வேளாளர் அறக்கட்டளை எழுப்பிய பெருந்துறைக் கல்லூரி என்று, அரசு எட்டாத இடத்தில் சமூகம் எட்டியது. பழைய மாணவர்கள் நடத்தும் ஆலைகளே புதிய மாணவர்களுக்குப் பயிற்சிக் கூடங்களாயின. ஆனால் இந்த வலைப்பின்னல் பெருமளவு சாதியின் இழைகளால் ஆனது என்பதைச் சொல்லாத மதிப்பீடு முழுமையாகாது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, உழைப்பாளிகளாக வந்த கவுண்டர்கள் உடலுழைப்பையும் உறவின் நம்பிக்கையையும் முதலாக்கி முதலாளிகளான விதத்தை விரிவாகக் காட்டுகிறது. கடனும் ஆர்டரும் தொழில் நுணுக்கமும் உறவுவழியே பாயும் இடத்தில், உறவுக்கு வெளியே பிறந்தவருக்கு அந்த ஓடை எட்டாது. அதை எட்டவைப்பதுதான் கல்லூரியின் வேலை. அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வந்த முதல் பட்டதாரிக்கும், மில் உரிமையாளரின் மகனுக்கும் பட்டம் ஒன்றுதான். பட்டத்துக்குப் பிறகு யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்பதில் இருவருக்கும் இடையே பெரும் தூரம் இருக்கிறது. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடம் கட்டப் பணம் தருவதில் காட்டும் ஊக்கத்தை இந்தத் தூரத்தைக் குறைப்பதில் காட்டவில்லை. இந்தக் கூறின் மிகக் கடுமையான குறை இதுவே.

பணிசெய்யும் சமூகம் என்ற இரண்டாவது பொருளில் மூன்று முன்மாதிரிகள் கிடைக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் காந்தி நூற்றாண்டில் பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரப் பணி, ஏழு நாள் முகாம் என்பது அதன் கணக்கு. நோக்கம் உயர்ந்தது, கூச்சம் தெளிந்து கிராமத்தோடு பேசப் பழகிய மாணவர்கள் ஏராளம். ஆனால் முகாம் முடிந்த எட்டாம் நாள் ஊர் மாணவரிடம் எதையும் கேட்பதில்லை. மணிநேரம் கணக்கில் ஏறுகிறது, விளைவு ஏறுவதில்லை. நட்ட மரக்கன்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பதிவேட்டில் இல்லை.

1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1906-இல் கோவைக்கு வந்து, 1971-இல் பல்கலைக்கழகமான வேளாண் நிறுவனம் இதை வேறு விதமாகச் செய்கிறது. இளநிலை வேளாண் மாணவர் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்வது அங்கே பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதி. தென்னையில் வெள்ளை ஈயைப் பற்றி வகுப்பில் எழுதிய விடை தோட்டத்தில் செல்லுபடியாகிறதா என்று விவசாயி அன்றைக்கே சொல்லிவிடுவார். சில குழுக்கள் செயல்விளக்கத்தைப் படம் எடுத்துச் செய்தித்தாளுக்கு அனுப்புவதோடு திருப்தியடைகின்றன என்பது குறை. ஆனால் படிப்பும் சமூகமும் ஒரே செயலில் கூடும் அமைப்பு என்ற வகையில் இதன் இயைபு மற்ற எந்தக் கல்லூரியிலும் இல்லை.

மூன்றாவது, தி.சு. அவிநாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய வித்யாலய மரபிலிருந்து 1957-இல் கிளைத்த மகளிர் மனையியல் கல்லூரி. பெண்ணை வீட்டுக்குள்ளேயே வைக்கும் பாடம் என்று மனையியலை எளிதாக ஒதுக்கலாம். தொடக்க நோக்கத்தில் அதற்கு இடமும் இருந்தது. ஆனால் ராஜம்மாள் தேவதாஸ் போன்ற ஊட்டச்சத்து அறிஞரின் கையில் அந்தப் பாடம் சமையலறையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தின் மதிய உணவையும் குழந்தையின் எடையையும் ஆய்வுப் பொருளாக்கியது. உணவியல் வல்லுநர், குழந்தை வளர்ச்சி நிபுணர் என்ற தொழில்கள் இங்கே பெண்களுக்குத் திறந்தன. குறுகிய பாடத்தைச் சமூகத்தின் தேவை அகலமாக்கியதற்கு இது நல்ல சான்று.

இனித் தீர்ப்பு. முறையில் சாண்ட்விச் படிப்பும், மாலைநேரப் பட்டமும், வேளாண் மாணவரின் கிராமத் தங்கலும் முதல் வரிசையில் நிற்கின்றன. மூன்றிலும் மாணவரின் உழைப்பைக் கல்லூரிக்கு வெளியே உள்ளவர் எடைபோடுகிறார். கண்டிப்பில் மைதானம் முதலிடம், பரவலில் கடைசியிடம். சமூகம் பொருள்தருவதில் தாராளமானது, தொடர்புதருவதில் குறுகியது. 1984-க்குப் பிந்தைய விரிவு எண்ணிக்கையில் தமிழகத்துக்கே வழிகாட்டியது, ஆனால் முறையில் முன்னோர் எட்டிய உயரத்திலிருந்து இறங்கியது. மூன்று கூறுகளும் தனித்தனி இலாகாக்களாக, தனித்தனிப் பொறுப்பாளரின் கீழ், தனித்தனி அறிக்கைகளாக வாழ்கின்றன. ஆகவே ‘மூன்றும் சேர்ந்து ஆயத்தப்படுத்துகின்றன’ என்ற கூற்று இன்றைய நிலையில் நிறுவப்படவில்லை. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, சேரவில்லை.

இந்தத் தீர்ப்பு நம்பிக்கையின்மையிலிருந்து வருவது அன்று. தேவையான முறைகள் எல்லாம் இந்த மண்ணில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுத் தேறியவை. வெளியிலிருந்து இறக்குமதி செய்ய எதுவும் இல்லை. வேண்டியது சிலருக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் கட்டாயமாக்கும் துணிவு. ஒரு முழு அரையாண்டு தொழிற்சாலைக்கோ ஊராட்சிக்கோ மருத்துவமனைக்கோ உரியதாகட்டும். அந்த இடத்தின் பொறுப்பாளர் தரும் மதிப்பீடு பட்டத்தில் பாதி எடை பெறட்டும். ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஓர் அணியில் ஒரு பருவம் முழுக்க ஆடட்டும். முகாம் நடந்த ஊருக்கே அடுத்த ஆண்டும் போய், சென்ற ஆண்டின் வேலை என்னவாயிற்று என்று கேட்டு எழுதட்டும். பழைய மாணவர் சங்கம் தன் உறவுக்கு வெளியே உள்ள மாணவர்களுக்கு எத்தனை பயிற்சி இடங்கள் தந்தது என்பதை ஆண்டறிக்கையில் அச்சிடட்டும். தரவரிசை நிறுவனங்கள் இதைக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கை மேசையில் எதிரே அமரும் பெற்றோர் கேட்கலாம்: இங்கே நான்கு ஆண்டுகள் படிப்பவரின் வேலையை, மதிப்பெண் போடும் ஆசிரியரைத் தவிர வேறு யார், எத்தனை முறை தீர்ப்புக்கு உட்படுத்துகிறார்கள்? இதற்குப் பெயரும் இடமும் தேதியுமாக விடை சொல்லக்கூடிய கல்லூரியே தொழிலுக்கு ஆயத்தப்படுத்துகிறது. மற்றவை, எவ்வளவு பெரிய தட்டி வைத்தாலும், பட்டம் மட்டுமே தருகின்றன.